பேஜ்மேக்கர் லினக்ஸில் ஓடுமா?

மதுரை மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் டி.டி.பி. கடை வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு கவலை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. கடையிலுள்ள பழைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் விண்டோஸ் 11-ஐ ஏற்காது. லினக்ஸ் போட்டால் அதே மெஷின் இன்னும் சில வருடம் உழைக்கும். ஆனால் காதணி விழாப் பத்திரிகையிலிருந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரை எல்லாம் பேஜ்மேக்கர் ஃபைலாகக் கிடக்கிறதே, என்ன செய்வது?

டீ வரட்டும், நிதானமாகச் சொல்கிறேன்.

எந்த மென்பொருளும் இரண்டு பேரிடம் பேசுகிறது. ஒருவர் பிராசஸர். கூட்டு, ஒப்பிடு, அடுத்த வரிக்குப் போ என்று அதற்கு இடும் கட்டளைகள் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றே. இன்டெல் சிப்புக்கு மேலே எது ஓடுகிறது என்ற கவலை கிடையாது. மற்றவர் இயங்குதளம். ஃபைலைத் திற, திரையில் ஜன்னல் வரை, அச்சுக்கு அனுப்பு என்று அதனிடம் கேட்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளுக்கு விண்டோஸ் வைத்த பெயர்கள் லினக்ஸுக்குத் தெரியாது. சிக்கல் முக்கியமாக இங்கேதான்.

பரோட்டா மாஸ்டர் ஒருவர் வேறு ஊர்க் கடைக்கு வேலைக்குப் போகிறார். அடுப்பும் கல்லும் அதேதான், கைவேலையும் மாறாது. பழைய கடையில் கேட்ட மாதிரி அவர் சாமான் கேட்டால் மட்டும் இங்கே யாருக்கும் புரியாது. அவர் கேட்பதைப் புரிந்துகொண்டு, இந்தக் கடைச் சரக்கையே எடுத்து நீட்டப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் வேலை நடந்துவிடும். வைன் என்ற இலவச மென்பொருள் செய்வது இதைத்தான்.

1993-இல் விண்டோஸ் 3.1 நிரல்களுக்காகத் தொடங்கிய முயற்சி அது. அடுத்த ஆண்டிலிருந்து அலெக்சாண்டர் ஜூலியார் அதை வழிநடத்துகிறார். 1.0 என்ற எண்ணைத் தொட 2008 ஆகிவிட்டது; பதினைந்து வருட உழைப்பு. மைக்ரோசாஃப்டின் மூல நிரலைப் பார்க்காமல், ஆயிரக்கணக்கான கோரிக்கைகளுக்கும் வெளியிலிருந்தே சோதித்துச் சோதித்துப் பதில் எழுதியிருக்கிறார்கள். நம் காலத்தின் பெரிய பொறுமைகளில் ஒன்றாகவே இதை மதிக்கிறேன். 2018-இல் வால்வ் நிறுவனம் இதன்மேல் புரோட்டானைக் கட்டியதால் விண்டோஸ் விளையாட்டுகளும் இன்று லினக்ஸில் ஓடுகின்றன.

பேஜ்மேக்கருக்கு வருவோம். 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. அதற்கு யூனிகோடு தெரியாது. அதனால்தான் நம் கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன. பாமினியில் எம், கே, செமிகோலன், கே, எச் என்று தட்டினால் திரையில் ‘அம்மா’ தெரியும். ஃபைலுக்குள் இருப்பதோ அந்த ஆங்கிலக் குறிகள் மட்டும். தமிழ் உருவம் முழுக்க எழுத்துருவில் இருக்கிறது. ஆகவே வைனில் பேஜ்மேக்கர் திறந்த பிறகும் பத்திரிகை ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். வைன் தனக்கென ஒரு போலி சி டிரைவை உங்கள் ஹோம் கோப்புறைக்குள் வைத்திருக்கும். அதிலுள்ள விண்டோஸ் எழுத்துருக் கோப்புறையில் பாமினியைப் போட்டுவிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள்.

டாங்கிள் செருகினால்தான் திறக்கும் தமிழ் மென்பொருள் வேறு கதை. அதற்கு விண்டோஸின் அடிமட்ட டிரைவர் வேண்டும், வைன் அங்கே பெரும்பாலும் கைவிரித்துவிடும். பிரிண்டருக்கும் விண்டோஸ் டிரைவர் உதவாது. லினக்ஸுக்கான டிரைவர் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

வைன் சரிப்படாவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸ். லினக்ஸுக்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டரையே பாவனையாக உருவாக்கி, அதில் பழைய விண்டோஸை நிறுவுவது. விண்டோஸ் உரிமம் வேண்டும், ராமும் தாராளமாக வேண்டும். அந்த விண்டோஸுக்கு இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். பாதுகாப்பு நின்றுபோன இயங்குதளத்தை வலையில் உலவவிடுவது ஆபத்து.

இத்தனையும் பழைய ஃபைல்களை எட்டுவதற்குத்தான். புது வேலையை யூனிகோடில் தொடங்கிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. லிப்ரே ஆஃபிஸ் 4.4 பதிப்பிலிருந்தே பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்கிறது. பக்க அமைப்பு கொஞ்சம் கலையலாம், எழுத்து மிஞ்சும். அதை ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம்.

பழகுவதற்குக் கடை மெஷினைத் தொட வேண்டாம். 2011-இலிருந்து அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மடிக்கணினி ஏதாவது வீட்டுப் பரணில் இருக்கிறதா பாருங்கள். அதில் லினக்ஸ் போட்டு, பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து அச்சு வரை போய்ப் பாருங்கள். கடை மெஷினில் விண்டோஸை அழிக்கும் முன் எழுத்துருக் கோப்புறை முழுவதையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்துவிடுங்கள்.