பழைய ஜப்பானியக் கார் வாங்குவோர் சின்னத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பிடோக் வட்டாரத்தில் உள்ள காக்கி புக்கிட்டுக்குச் சென்றால் கார் பட்டறைகளும் விற்பனைக் கூடங்களும் வரிசையாகக் கண்ணில் படும். அங்கு எந்தப் பட்டறையில் கேட்டாலும், பழைய ஜப்பானியக் கார் வாங்குவோருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, காரின் பின்னால் ஒட்டியிருக்கும் சின்னத்தை நம்ப வேண்டாம் என்பதாகவே இருக்கும். சின்னத்தைக் கடையில் வாங்கி யார் வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம்.

பொதுவாக, 3 ஆண்டுக்கும் குறைவான பழைய கார்களையே சிங்கப்பூருக்குள் கொண்டுவர முடியும். அதற்கு விதிவிலக்காக, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ‘கிளாசிக்’ வாகனத் திட்டத்தின்கீழ், முதன்முதலில் பதிவுசெய்து 35 ஆண்டு நிறைவடைந்த கார்களைக் கொண்டுவரலாம். அவற்றை ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். 1980களில் வெளிவந்த ஜப்பானியக் கார்கள் இப்போது இந்த வயதை எட்டிவிட்டதால், அவற்றைத் தேடுவோரும் இருக்கின்றனர். அவற்றைப் போலவே செய்யப்பட்ட நகல்களும் இருக்கின்றன.

ஒரே உருவம், வெவ்வேறு ரகம்

கார் நிறுவனங்கள் ஒரே மாடலைப் பல ரகங்களில் விற்பது வழக்கம். வெளித்தோற்றம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் இயந்திரம், பிரேக், இருக்கை போன்றவை மாறுபடும். விலையும் அதற்கேற்ப ஏறி இறங்கும்.

டொயோட்டா 1983ல் அறிமுகம் செய்த கொரோலா லெவின், ஸ்பிரிண்டர் டிருவேனோ கார்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏஇ86 என்ற குறியீடு கொண்டவற்றில் 1.6 லிட்டர், 16 வால்வு இயந்திரம் உண்டு. ஏஇ85 என்ற குறியீடு கொண்டவற்றில் இருப்பது அதைவிட வலு குறைந்த 1.5 லிட்டர் இயந்திரம். 1995ல் தொடங்கிய ‘இனிஷியல் டி’ சித்திரக்கதையின் நாயகன் ஓட்டுவது ஏஇ86 ரகக் கார் என்பதால் அதற்கு ரசிகர்கள் பெருகினர். ஏஇ85 காரில் பெரிய இயந்திரத்தையும் பின்பக்க டிஸ்க் பிரேக்கையும் பொருத்தி, அதை ஏஇ86 போல ஆக்கிவிட முடியும்.

நிசான் ஸ்கைலைனிலும் இதே நிலைதான். 1989ல் வெளிவந்த ஆர்32 வரிசையில் ஜிடி-ஆர் ரகத்தின் குறியீடு பிஎன்ஆர்32. இதற்கு 2.6 லிட்டர் இரட்டை டர்போ இயந்திரமும் நான்கு சக்கர இயக்கமும் உண்டு. எச்சிஆர்32 என்ற குறியீடு 2 லிட்டர் இயந்திரமும் பின்சக்கர இயக்கமும் கொண்ட ஜிடிஎஸ்-டி ரகத்துக்குரியது. அசல் ஜிடி-ஆரின் பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் அலுமினியத்தால் ஆனவை. அவற்றில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால், பாகம் மாற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கார் வேறு ரகமாக இருக்க வேண்டும்.

எண் சொல்வதும் சொல்லாததும்

அக்காலத்தில் ஜப்பானிய உள்ளூர்ச் சந்தைக்காகத் தயாரான கார்களில் 17 இலக்க அடையாள எண் கிடையாது. மாடல் குறியீடும் அதைத் தொடர்ந்து ஒரு வரிசை எண்ணும் சேர்ந்ததே அவற்றின் சேசிஸ் எண். அது ‘ஏஇ85’ என்று தொடங்கினால், பானெட்டுக்குள் எந்த இயந்திரம் இருந்தாலும் அந்தக் கார் ஏஇ85தான்.

ஆனால், சேசிஸ் எண் முழுக் கதையையும் சொல்லாது. ஜிடி, ஜிடிவி, ஜிடி-அபெக்ஸ் ஆகிய மூன்று ரகங்களுமே ஏஇ86தான். இவற்றைப் பிரித்தறிய, இயந்திர அறையில் பொருத்தப்பட்டுள்ள உலோகத் தகட்டைப் பார்க்க வேண்டும். அதிலுள்ள முழு மாடல் குறியீட்டின் பின்பகுதி எழுத்துகள் உடல் வடிவம், கியர் வகை, ரகம் ஆகியவற்றைக் குறிக்கும். சாயம், உள்ளலங்காரம் ஆகியவற்றின் குறியீடுகளும் அதே தகட்டில் இருக்கும். அவற்றை அந்த ஆண்டின் உதிரிபாகப் பட்டியலுடன் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

தகட்டில் உள்ள எண்ணும் காரின் உடலில் பொறிக்கப்பட்ட எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தகட்டின் ஆணிகள் புதிதாகத் தெரிந்தாலோ, எண்ணைச் சுற்றிப் பற்றவைத்த தடம் இருந்தாலோ அந்தக் காரைத் தவிர்ப்பதே நல்லது.

ஜப்பானிய ஆவணங்கள்

ஏற்றுமதிச் சான்றிதழில் மாடல் குறியீடு, சேசிஸ் எண், இயந்திர வகை, முதல் பதிவு தேதி ஆகியவை இருக்கும். மாடல் குறியீட்டுக்குப் பின்னால் ‘மாற்றப்பட்டது’ எனப் பொருள்படும் ‘காய்’ என்ற ஜப்பானிய எழுத்து இருந்தால், முறைப்படி பதிவுசெய்யப்பட்ட மாற்றம் காரில் உள்ளது என்று அர்த்தம். ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரிடம் ஆவணத்தைக் காட்டிவிடுவது நல்லது.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் தேவை. ஜப்பானிய ஆவணங்களில் ஆண்டுகள் பேரரசர் காலத்தை ஒட்டிக் குறிக்கப்படுகின்றன. ‘ஷோவா’ ஆண்டுடன் 1925ஐக் கூட்ட வேண்டும். ‘ஹெய்செய்’ ஆண்டுடன் 1988ஐக் கூட்ட வேண்டும். அப்படிப் பார்த்தால் ஷோவா 60 என்பது 1985, ஹெய்செய் 2 என்பது 1990. இந்தக் கணக்கு தவறினால், 35 ஆண்டு நிறைவடையாத காருக்குப் பணம் கட்டிவிட்டு இறக்குமதி செய்ய முடியாமல் தவிக்க நேரிடும்.

எழுத்தில் இருந்தால் பாதுகாப்பு

மாற்றியமைக்கப்பட்ட கார் என்பதாலேயே அது மோசமான கார் ஆகிவிடாது. வேலைப்பாடு நன்றாக இருந்து, விற்பவர் உண்மையைச் சொல்லி, அதற்குரிய விலையை மட்டும் கேட்டால் அதை வாங்குவதில் தவறில்லை. நகலுக்கு அசலின் விலையைக் கொடுப்பதில்தான் இழப்பு.

முன்பணம் கட்டுவதற்குமுன் தகடு, சேசிஸ் எண், இயந்திர எண் ஆகியவற்றின் தெளிவான படங்களைக் கேட்டுப் பெறலாம். முழு மாடல் குறியீட்டையும் ரகத்தையும் விற்பனை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லலாம். விற்பவர் தயங்கினால் அதற்கான காரணத்தைக் கேட்க வேண்டும்.

இங்குள்ள வணிகரிடம் வாங்கிய பொருள், விவரித்தபடி இல்லாவிட்டால் 2012ல் நடப்புக்கு வந்த ‘லெமன்’ சட்டம் வாங்கியவருக்குக் கைகொடுக்கும். பழைய கார்களுக்கும் அது பொருந்தும். தனிநபர் ஒருவர் மற்றொருவரிடம் விற்கும் கார்களுக்குப் பொருந்தாது. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலும் கோரலாம். பழைய கார்களின் விலை அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், பிறகு வழக்காடுவதைவிட வாங்கும் முன்பே தகட்டைச் சரிபார்ப்பது மேல்.