வீட்டு வளவில் கொய் மீன் தொட்டி

சில வருடங்களுக்கு முன்னர் எமது பங்குமனை வளவில் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி, அது காய்ந்த கையோடு நீர் நிரப்பி, பொலித்தீன் பைகளில் கொண்டுவந்த இருபது கொய் மீன் குஞ்சுகளை அதில் விட்டேன். ஒன்பதாம் நாள் மூன்று மட்டுமே மிஞ்சின. ஞாயிறு மறைக்கல்விக்கு வந்த சிறுவர்கள் காரணம் கேட்டபோது, ஏதோ நோய் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் அவற்றைக் கொன்றது நோயல்ல, எனது அவசரம்.

அண்மையில் தையல் வேலையில் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்த தாயொருவர், “சுவாமி, நானும் ஒரு தொட்டி கட்டி இந்த மீன் வளர்க்கலாமோ?” என்று கேட்டார். அவருடைய சேமிப்பும் ஒன்பது நாளில் செத்து மிதக்கக்கூடாது என்பதனாலேயே இதனை எழுதுகிறேன்.

கொய் (எமது சிறுவர்களுக்கு இது ‘கொய்யா மீன்’) தனியினம் அல்ல. உணவுக்காக வளர்க்கப்படும் சாதாரண கெண்டையின் நிறம் மாறிய வழித்தோன்றலே அது. யப்பானின் நீகாட்டா மாகாணத்து மலைக்கிராமங்களில் நெல் விவசாயிகள் பனிக்கால உணவுக்கெனக் கெண்டை வளர்த்தனர். அவற்றிடையே தோன்றிய நிற மீன்களை 19ஆம் நூற்றாண்டில் தெரிந்தெடுத்துப் பெருக்கினர். 1914இல் தோக்கியோவில் நடந்த கண்காட்சியின் பின்னரே வெளியூரார் இவற்றை அறிந்தனர். ஆக, இது செல்வந்தரின் மாளிகையில் அல்ல, ஏழை உழவரின் வயலோரத்தில் பிறந்த மீன். 2004 ஒக்ரோபரில் அப்பகுதியைப் பூமியதிர்ச்சி தாக்கியபோது யமகோஷிக் கிராமத்து மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். மீன்களும் பெருந்தொகையாக அழிந்தன. பின்னர் மக்கள் திரும்பி வந்து குளங்களைத் திருத்தி மீண்டும் மீன் வளர்த்தார்கள். இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய எம்மவர்க்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

முதலில் தொட்டியின் அளவைக் கவனிப்போம். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், மூன்றரை அடி ஆழம் என்றால் 140 கன அடி. ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 28 லீற்றர் வீதம் இது சுமார் 4000 லீற்றர் நீர் கொள்ளும். வாங்கும்போது விரலளவாக இருக்கும் கொய், நல்ல பராமரிப்பில் இரண்டடி வரை வளரும். இருபது வருடத்துக்கு மேலும் வாழும். வளர்ந்த மீனொன்றுக்கு 1000 லீற்றர் எனக் கணக்கிட்டால் இத்தொட்டி நான்கு மீன்களுக்கே போதும். நான் விட்டது இருபது! ஆழம் மூன்றடிக்குக் குறைந்தால் எமது வெயிலில் நீர் கொதித்துவிடும். சூடான நீரில் ஒட்சிசன் குறைவு: 20 பாகை வெப்பத்தில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் கரையுமெனில், 30 பாகையில் ஏழரை மட்டுமே. எனவே தொட்டியின் பாதிக்காவது கிடுகு அல்லது மர நிழல் வேண்டும். ஆனால் இலை கொட்டும் மரத்தின் நேர்கீழே கட்டவேண்டாம். மழைவெள்ளம் தோட்டத்து மருந்தையும் சவர்க்கார நீரையும் இழுத்து வராதபடி விளிம்பை நிலமட்டத்திலிருந்து ஓரடியாவது உயர்த்துங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஓரடி போதாது. தொட்டியைச் சுற்றி அடைப்பும் மேலே உறுதியான வலையும் போட்ட பின்னரே நீர் நிரப்புங்கள். இதில் செலவைப் பார்க்கக்கூடாது. அந்த வலை மீன்கொத்தி, கொக்கு, பூனை, கபரகொய்யா ஆகியவற்றையும் தடுக்கும். துள்ளி வெளியே விழும் மீனையும் காக்கும்.

புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரைக் கடுங்காரமாக்கும். நீரை நிரப்பி ஒரு வாரம் விட்டு இறைத்து, மறுபடி நிரப்பி, இப்படி மூன்று தடவையாவது செய்யவேண்டும். வாழைத்தண்டைத் துண்டுகளாக வெட்டி ஊறப்போடுவது எம்மிடையே நெடுநாள் வழக்கம். பின்னர் தொட்டியை நன்கு கழுவுங்கள். குழாய் நீரில் குளோரின் இருக்கும்; அகன்ற பாத்திரத்தில் இரண்டு நாள் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். கிணற்று நீரில் குளோரின் இல்லை. ஆனால் ஆழத்து நீரில் ஒட்சிசன் குறைவாதலால், உயரத்திலிருந்து தெறிக்கும்படி ஊற்றுங்கள்.

இனித்தான் எனது மீன்களைக் கொன்ற விடயம். மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடுகிறது. மீதியான உணவும் எச்சமும் அழுகி அதனை மேலும் கூட்டுகின்றன. இயற்கைக் குளத்தில் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும், இன்னொருவகை அதனை அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியா இல்லை. அவை கற்களிலும் வடியிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் செல்லும். அதற்கிடையில் மீனை நிறைத்தால், கண்ணாடிபோலத் தெளிந்த நீரிலேயே அது நஞ்சுண்டு சாகும். நீர் தெளிவாயிருப்பதை மட்டும் வைத்து அது நல்ல நீர் என்று எண்ணிவிடக்கூடாது. காரத்தன்மை கூடிய நீரில், வெப்பமும் சேர்ந்தால், அமோனியாவின் நச்சு மேலும் கடுமை. யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணக்கற் பிரதேசத்தார் இதனை மறக்கலாகாது.

ஆகையால் முதலில் இரண்டு மீன்களோடு தொடங்குங்கள். இரண்டு மாதம் சென்றபின் மற்ற இரண்டையும் விடலாம். வடிக்குப் பெரிய பிளாஸ்ரிக் பீப்பாவொன்றில் கழுவிய சல்லியும் பழைய நைலோன் வலையும் நிரப்பி, சிறு பம்பியால் நீரை ஏற்றி வழியவிட்டாற் போதும். 40 வற் பம்பி இரவு பகலாக ஓடினால் மாதம் 29 அலகு மின்சாரம். இதனை முன்கூட்டியே கணக்கிற் சேர்க்கவேண்டும். மிச்சம் பிடிப்பதற்காக இரவில் நிறுத்தினால் பற்றீரியா மூச்சின்றி இறந்துவிடும். வலையை அலசும்போதும் தொட்டி நீரிலேயே அலசுங்கள். குளோரின் நீர் பட்டால் ஆறு வாரப் பாடும் வீண்.

உணவு ஐந்து நிமிடத்துக்குள் தின்று முடிக்குமளவே கொடுக்கவேண்டும். கெண்டை இனத்துக்கு இரைப்பை இல்லை. ஆதலால் ஒரேயடியாகக் கொட்டாமல் காலை மாலை சிறிது சிறிதாகப் போடுங்கள். கையைக் கண்டதும் வாயைத் திறந்து ஓடிவரும். பசியென்று இரங்கவேண்டாம், வயிறு நிறைந்தாலும் அப்படித்தான் வரும். வீட்டுக்கு வருவோர் போகும் பாணும் பிஸ்கற்றும் நீரைக் கெடுக்கும். பங்குமனைக்கு விருந்தினர் அதிகம், ஆகவே நான் அங்கே ஒரு அறிவித்தல் எழுதிவைக்க நேர்ந்தது.

வாரமொருமுறை ஐந்திலொரு பங்கு நீரை மாற்றுங்கள், முழுவதையும் அல்ல. இறைத்த நீரில் நைத்திரேற்று இருப்பதால் கத்தரிக்கும் வாழைக்கும் அது நல்ல பசளை. கோடையில் கிணறு வற்றும் ஊரவர் இந்த 800 லீற்றரை இருமுறை பயன்படுத்த முடியாதென்றால் தொட்டி கட்டாமலிருப்பதே நல்லது. குடிக்க நீரில்லாத அயலவர் முன்னே அழகுமீனுக்கு நீர் மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் ஒட்சிசன் போதவில்லை. பாசியும் செடிகளும் இரவில் ஒட்சிசனை உறிஞ்சுவதால் அந்த நேரத்திலேயே தட்டுப்பாடு மிகும். வாளியால் அள்ளி உயரவிருந்து ஊற்றுங்கள். உணவை ஒருநாள் நிறுத்துங்கள். உடலைச் சுவரில் உரைஞ்சினால் பேன் அல்லது வேறு ஒட்டுண்ணி இருக்கலாம். புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் வேறு தொட்டியில் வைத்துப் பார்த்தபின் சேர்த்தால் இத்தொல்லை பெரும்பாலும் வராது. வாடிய மீனுக்கு லீற்றருக்கு 3 கிராம் வீதம் உப்பிட்ட நீர் இதமானது. உப்பை ஒரேயடியாகப் போடாமல், இரண்டு நாளில் படிப்படியாகச் சேர்க்கவேண்டும்.

வளர்க்க மனமில்லாமற் போனாலும் ஊர்க் குளத்தில் விடவேண்டாம். கெண்டை அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கும், செடிகளைப் பிடுங்கும், உள்ளூர் மீனுக்கு நோயையும் கொண்டுபோகும்.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் இதுதான். கொய் குஞ்சுகளில் நல்ல நிறத்தோடு தேறுவன மிகச் சில. வருமானத்துக்குத் தொடக்கக்காரர் நம்பவேண்டிய மீன் அதுவல்ல. குட்டி போடும் கப்பி மீனைச் சிறு தொட்டிகளில் பழகுவது மேல். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையிடம் முதலில் ஆலோசனை கேளுங்கள். வாங்குபவர் யாரென்று தெரிந்தபின் கடன்படுவதைப் பற்றி யோசிக்கலாம். அவர் இப்போது இரண்டு தொட்டிகளில் கப்பி வளர்க்கிறார். எமது வளவில் தப்பிய மூன்றும் ஒரு முழத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன. நாலாவதை இன்னும் வாங்கவில்லை.