தானாக இணையும் கணனி: தெரிவா, ஞாபகமா?

இரவுவேலை இடைவேளையில் தொழிற்சாலை ஓய்வறையில் மடிக்கணனியைத் திறந்தேன். நான் எதையும் தொடுமுன்னரே அது இணைந்துவிட்டது. "சேர், தலைக்கு மேலை ஒரு ரவுட்டர் இருக்கேக்கை இது ஏன் எட்டத்திலை இருக்கிற ஸ்டோர் ரவுட்டரைப் பிடிக்குது?" என்று கேட்டான் கூட வேலைசெய்யும் தம்பி. நான் ஒருகாலத்தில் பௌதிகம் கற்பித்தவன் என்பது அவனுக்குத் தெரியும். பலமான சமிக்ஞையைக் கணனி தெரிந்தெடுக்கும் என்பது பாதி உண்மைதான்.

802.11 என்ற நியமம் 1997இல் வெளியானது. அதன்படி ஒவ்வொரு ரவுட்டரும் தன் பெயரை, வழக்கமாக விநாடிக்குப் பத்துத் தடவையளவில், அறிவித்தபடி இருக்கும். கணனி இவற்றைக் காதுகொடுத்துக் கேட்கும், அல்லது "யார் இருக்கிறீர்கள்?" என்று தானே குரல்கொடுக்கும். பின்னர் முன்பு இணைந்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இல்லாதது எவ்வளவு பலமாக ஒலித்தாலும் பொதுவாக நாம் சொல்லாமல் இணையாது. ஆக, முதலில் ஞாபகம். பலம் அதற்குப் பிறகு. ஸ்டோர் ரவுட்டரில் நான் முன்னொருநாள் இணைந்திருந்தேன். தலைக்கு மேலிருப்பதில் ஒருபோதும் இணைந்ததில்லை.

சிக்கல் எங்கேயென்றால், இந்த ஞாபகம் இடத்தை அறியாது, பெயரையே அறியும். கடவுச்சொல் உள்ள இடத்தில் கணனியும் ரவுட்டரும் அச்சொல் தமக்குத் தெரியுமென ஒன்றுக்கொன்று நிரூபிக்கவேண்டும். திறந்த வலையமைப்பிலோ பெயரைத் தவிர வேறு அடையாளம் கேட்கப்படுவதில்லை. நூலகத்தின் பெயரை யார் சூட்டிக்கொண்டாலும் அது நூலகமாகிவிடும்.

டீனோ டாய் சோவி, ஷேன் மக்கோலி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட மோசமான ஒன்றைக் காட்டியது. அக்காலக் கணனிகள் தமது பட்டியலிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவி அழைத்தன. எப்பெயருக்கும் "நானே அது" என்று பதிலளிக்கும் பொய் ரவுட்டரிடம் ஏமாந்தன. பின்னாளில் இப்பழக்கம் பெருமளவு குறைக்கப்பட்டது. ஆனால் பெயரை மறைத்துவைத்த வலையமைப்பு தன்னைத் தானே அறிவிக்காதாகையால், அதைத் தேடிக் கணனி இன்னமும் கூப்பிடவேண்டியிருக்கிறது. பாதுகாப்புக்கென்று வீட்டு ரவுட்டரின் பெயரை மறைப்பவர், அதே பெயரைத் தன் கணனி தெருவெல்லாம் சொல்லித்திரிய வழிசெய்கிறார்.

இது தொழில்நுட்பர்களின் கவலை மட்டுமல்ல. வந்த வழியை விசாரணை மேசையில் நாள்வாரியாகச் சொன்னவர்கள் நாங்கள். அகதி விடுதி, வழக்கறிஞர் அலுவலகம், சங்க மண்டபம் எல்லாம் அந்தப் பட்டியலில் வரிசையாகக் கிடக்கக்கூடும். நாங்கள் மறந்த இடங்களையும் அது மறப்பதில்லை.

தம்பியின் கணனியில் அன்று பட்டியலைத் திறந்து பார்த்தோம். திறந்த வலையமைப்புகளை நீக்கினோம்; மற்றவற்றில் பலவற்றுக்குத் தானாக இணைவதை நிறுத்தினோம். ஐந்து நிமிட வேலை. வாசகர்களும் ஒருமுறை செய்து பார்க்கலாம். வசதிக்காக எங்கள் தெரிவை எவ்வளவு தூரம் இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்ற விவாதத்தை அதற்குப் பின் தொடர்வோம்.