துணி காய்கிற கணக்கு

1986இல் மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டையும் சேர்த்து ஆறு குடித்தனங்களுக்கு ஒரே மொட்டைமாடி. வானம் கறுத்ததும் யாராவது ஒருவர் "துணி!" என்று குரல் கொடுப்பார். அடுப்பில் எது கொதித்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஆறு வீட்டுப் பெண்களும் படியேறி ஓடுவார்கள். யாருடையது என்று பார்க்க நேரம் இருக்காது. கைக்கு அகப்பட்டதை உருவிக்கொண்டு வந்து, பிறகு கூடத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொள்வார்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டால் அந்த ஓட்டமும் பயன்படாது. கூடத்தில் குறுக்கே இரண்டு கொடி, கீழே விடாமல் சுற்றும் மின்விசிறி, வீடு முழுக்க ஈர வாடை. எனக்குப் பள்ளிச் சீருடை இரண்டு செட்தான். இரவு பத்து மணிக்கு அம்மா இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சட்டையின் ஈரத்தை எடுப்பாள். காலர் மட்டும் காயாது. காலையில் கழுத்தில் சில்லென்று ஒட்டும். தம்பி பிறந்த வருடம், குமுட்டி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் தூளித் துணிகளைப் பரப்பி, பக்கத்திலேயே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இன்று மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி. தெருப்பக்க பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தின் விதி. மொட்டைமாடியில் பாதிக்கு மேல் சோலார் தகடுகள். பகலில் வீட்டில் இருப்பது அம்மா மட்டும். முழங்கால் வலியோடு அவள் வாளியைத் தூக்கிப் படியேற முடியாது. அதனால்தான் துவைத்து உலர்த்தியும் தருகிற ஒரே மெஷினை வாங்கலாமா என்ற பேச்சு இரண்டு மாதமாக ஓடுகிறது.

கடையில் எட்டு கிலோ என்றார்கள். துருவிக் கேட்டால், துவைக்க எட்டு, உலர்த்த ஐந்து. துணி சூடான காற்றில் புரண்டு விழ இடம் வேண்டும், அதனால் நிறையப் போட்டுத் துவைத்தால் பாதியை வெளியே எடுத்துவிட்டுத்தான் உலர்த்த வேண்டும். துவைத்து உலர்த்தி முடிக்க ஐந்து மணி நேரம்கூட ஆகலாம். சில மாடல்கள் நீராவியைக் குளிரவைக்கக் குழாய்த் தண்ணீரையே செலவழிக்கின்றன. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் எங்களுக்கு அது கட்டாது. பிழிந்த பிறகும் ஐந்து கிலோ பருத்தித் துணியில் இரண்டரை லிட்டர் தண்ணீர் தங்கும். அதை ஆவியாக்கவே ஒன்றரை யூனிட் வேண்டும்; ஹீட்டர் வகை மெஷினில் மூன்று நான்கு யூனிட் ஆகிவிடும். ஹீட் பம்ப் வகை இதில் பாதி தின்னும், விலைதான் கூட. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் சேர்த்து விலை ஏறுகிறது என்பது மின்கட்டணம் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். உலர்த்தும் பகுதி பழுதானால் மெக்கானிக் வந்து போகும் வரை துவைக்கவும் முடியாமல் போகலாம்.

இத்தனையும் தெரிந்தே வாங்கலாம் என்று சொல்கிறேன். வெயிலுக்குக் காசில்லை என்று எங்கள் வீட்டு ஆண்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த வெயிலுக்காக அம்மா ஒரு நாளும் மத்தியானம் கண்ணயர்ந்ததில்லை, மழைக்காலத்தில் ஊருக்குப் போனதில்லை. இந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆனால் ஆண்டு முழுவதும் உலர்த்தப் போவதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சீருடை, துண்டு, உள்ளாடை. மற்ற மாதங்களில் சமையலறைக்குப் பின்னால் கப்பி வைத்த கொடியே போதும். வீட்டில் ஆறேழு பேர் இருந்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஐந்து கிலோ ஒரு மூலைக்குக் காணாது.

16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் போட நாளை எலக்ட்ரீஷியன் வருகிறார். தன் சுங்குடிப் புடவைகளை மட்டும் அதற்குள் போடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அவற்றை அலசி, உதறி, கப்பிக் கொடியில் நான் போடுவதாக ஏற்பாடு.