நாற்காலியோடு தூக்கும் கல்யாண ஆட்டம்: நம்ம மண்டபத்துக்குச் சரிவருமா?

மேடையில் போட்டோ வரிசை கொஞ்சம் குறைந்ததுமே, நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் இப்போது ஆட்டம் பாட்டம் தொடங்கிவிடுகிறது. சினிமாப் பாட்டுக்கு மணமக்கள் ஆடுவது பழகிவிட்டது. அடுத்து என்ன என்று செல்போனைத் தேடுகிற பிள்ளைகளின் கண்ணில் இது படுகிறது: பெண்ணையும் மாப்பிள்ளையையும் நாற்காலியோடு தலைக்கு மேல் தூக்கி, சுற்றிலும் கைகோத்து ஆடும் யூதக் கல்யாண ஆட்டம். பெயர் 'ஹோரா'.

"இது யாரு ஆட்டம் மக்களே? நாம ஆடலாமா?" என்று வீட்டுப் பெரியவர் கேட்டால், நியாயமான கேள்விதான்.

ஹோரா பிறந்தது ருமேனியாவிலும் அதைச் சுற்றிய பால்கன் நாடுகளிலும். அங்கிருந்து பாலஸ்தீனத்தில் குடியேறிய யூதர்கள் அதைக் கையோடு கொண்டுபோனார்கள். 1924-ல் பாரூக் அகதாதி என்ற நடனக் கலைஞர் அதை மேடைக்கு ஏற்றபடி அமைத்தார். பின்னணியில் ஒலிக்கும் 'ஹவா நகிலா' பாட்டின் மெட்டு கிழக்கு ஐரோப்பிய யூதர்களுடையது. மெதுவாகத் தொடங்கிப் போகப்போக வேகமெடுக்கும். நாற்காலியில் உயர்ந்த இருவரும் ஒரு கைக்குட்டையின் இரு முனைகளைப் பிடித்துக்கொள்வார்கள். மணமக்களை மகிழ்விப்பது விருந்தினரின் கடமை என்பது யூத மரபு. தோளில் தூக்கி மாலை மாற்றவைக்கும் தாய்மாமன்களைப் பார்த்த நமக்கு இது ஒன்றும் அந்நியமாகப் படாது.

ஆனால் யூதக் கல்யாணத்தைத் தெரிந்துகொள்ள ருமேனியா வரை போக வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டிலிருந்து ரயிலேறினால் ஒரு பகலில் கொச்சி. மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி யூதர் தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. கொச்சி யூதர் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குத் தாலி உண்டு! கொண்டாட்டம் நாள்கணக்கில் நடக்கும். அங்கே ஹோரா இல்லை. பெண்கள் கூடி மலையாளத்தில் பாடுவார்கள். சில பாட்டுகளுக்கு வட்டமாக நின்று கைகொட்டி ஆடுவார்கள். நம் பக்கத்துத் திருவாதிரைக்களியைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும்.

வேறு ஊர்களின் ஆசாரமான யூதர்களிடையே ஆண்கள் முன்னால் பெண்கள் பாடுவதில்லை. கொச்சியில் அந்தத் தடை இல்லை. நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்து, தாயிடமிருந்து மகளுக்கு என்று கைமாறி வந்த பாட்டுகள் அவை. 1950-களில் அந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் கூடவே போயின. அவற்றிலிருந்து ஸ்கரியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் தொகுத்த 'கார்குழலி' 2005-ல் ஜெருசலேமில் வெளிவந்தது. கொச்சியில் இப்போது மிஞ்சியிருக்கும் யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாட இங்கே ஆள் இல்லை.

அதனால் பெரியவரின் கேள்விக்குப் பதில், ஆடலாம். ஹோரா வழிபாடு அல்ல, சந்தோஷக் கூத்து. ஆனால் மணப்பந்தலின் கீழ் நடக்கும் யூதச் சடங்குகளையும், கண்ணாடிக் குவளையைக் காலால் மிதித்து உடைப்பதையும் வேடிக்கைக்காக எடுத்து ஆட வேண்டாம். அவை அவர்களுக்கு விளையாட்டல்ல. யாருடைய ஆட்டம் என்பதை மைக் பிடிப்பவர் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். பத்து நிமிடம் தாராளம். அதற்கு மேல் போனால் பந்தியில் பாயசம் ஆறிவிடும்.

இனி நாற்காலி விஷயம். மேடையின் அலங்கார சோபா கனம். பிளாஸ்டிக் நாற்காலி வளையும். கைப்பிடியுள்ள உறுதியான மரநாற்காலி நல்லது. நாற்காலிக்கு நான்கு பேர், மாற்றாள் இரண்டு பேர், எல்லாரும் ஏறத்தாழ ஒரே உயரம். முதல் நாளே ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட வேண்டும். பட்டுச்சேலை வழுக்கும், கனமும் கூடுதல்; பெண்ணுக்கு விருப்பமில்லை என்றால் வற்புறுத்தவே கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால் மண்டபத்தில் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். அங்கே மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்!

தூக்குவது ஒத்துவராது என்று பட்டால் வட்டம் மட்டும் கட்டலாம். கைகோத்து, ஒரு கால் குறுக்கே வைத்து, அடுத்தது பக்கவாட்டில். இரண்டு சுற்றில் பழகிவிடும். களியலில் கம்படித்து ஆடிய தாத்தாவையும், கைகொட்டி ஆடிய ஆச்சியையும் முதலில் வட்டத்துக்குள் கூப்பிடுங்கள். காலடி எடுக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.