கவுண்ட் டி லாலி

கவுண்ட் டி லாலி எனப் பரவலாக அறியப்படும் தாமஸ் ஆர்தர் லாலி (ஜனவரி 1702 – மே 9, 1766) அயர்லாந்து வழிவந்த பிரெஞ்சுப் படைத்தளபதி ஆவார். மூன்றாம் கர்நாடகப் போரில் இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் படைகளுக்குத் தலைமை தாங்கினார். அப்போரில் பிரான்சு அடைந்த தோல்விக்காகப் பாரிசில் தலை துண்டிக்கப்பட்டார்.

இளமை

லாலி பிரான்சின் தோஃபினே மாகாணத்தில் பிறந்தார். தந்தை, நாடிழந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்த அயர்லாந்துப் பிரபு. 1745 இல் ஃபோந்தனுவா போரில் காட்டிய வீரத்துக்காகப் போர்க்களத்திலேயே பதினைந்தாம் லூயி மன்னர் இவருக்குப் பதவி உயர்வு அளித்தார்.

தமிழகத்தில்

1757 மே மாதம் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட லாலி, ஏறத்தாழ ஓராண்டுப் பயணத்துக்குப் பின் 1758 ஏப்ரல் 28 அன்று புதுச்சேரியை அடைந்தார். ஐந்தே வாரங்களில் கடலூரையும் புனித டேவிட் கோட்டையையும் கைப்பற்றினார். வண்டி மாடுகள் கிடைக்காதபோது சாதி வேறுபாடு பாராமல் ஊர்மக்களைச் சுமை இழுக்க வைத்தது பெரும் வெறுப்பை உண்டாக்கியது.

புதுச்சேரிக் கருவூலம் வெறுமையாக இருந்தது. சந்தா சாகிபு காலத்துக் கடன்பத்திரம் ஒன்றைக் காட்டி, தஞ்சை மன்னர் பிரதாபசிம்மரிடம் 56 இலட்சம் ரூபாய் பெறச் சென்றார். வழியில் நாகூர் சூறையாடப்பட்டது. கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடப்பட்டது. ஒற்றர்கள் என ஐயுற்று அந்தணர் சிலர் பீரங்கி வாயில் கட்டிக் கொல்லப்பட்டனர். பிரெஞ்சுக் கடற்படை காரைக்கால் அருகே தோற்ற செய்தி வரவே, ஆகஸ்ட் மாதம் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

சென்னை முற்றுகையும் தென்சீமைப் படையும்

1758 டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டார். அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட ஊர்களை உள்ளடக்கிய தென்சீமைக்கு அவரது படை வரவேயில்லை. ஆயினும் தென்சீமை அவரிடம் சென்றது எனலாம். இராமநாதபுரச் சீமையின் பனையூரில் பிறந்தவராகக் கூறப்படும் யூசுப் கான் (மருதநாயகம்), ஆங்கிலேயர் பக்கம் நின்று பிரெஞ்சுப் படையின் உணவு வழிகளைத் தாக்கினார். விரட்டினால் வேறிடத்தில் வந்து மொய்க்கும் ஈக்களுக்கு இத்தாக்குதல்காரர்களை லாலி ஒப்பிட்டதாகக் கூறப்படுகிறது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் முற்றுகை முடிந்தது. இதே யூசுப் கான் 1763 இல் மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

வீழ்ச்சி

தக்காணத்திலிருந்து புஸ்ஸியைத் திரும்ப அழைத்தது லாலியின் பெரும்பிழை. வட சர்க்கார்கள் பறிபோயின. சம்பளம் கிடைக்காத வீரர்கள் 1759 இல் கலகம் செய்தனர். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிப் போரில் அயர் கூட்டிடம் லாலி தோற்றார், புஸ்ஸி சிறைப்பட்டார்.

அடுத்து புதுச்சேரி முற்றுகையிடப்பட்டது. உணவு குறைந்ததால் 1760 நவம்பரில் தமிழ்க் குடிமக்கள் சுமார் 1400 பேரை லாலி நகரை விட்டு வெளியேற்றினார். ஆங்கிலேயர் அவர்களைக் கடக்க விடவில்லை; கோட்டையும் கதவைத் திறக்கவில்லை. பெண்களும் குழந்தைகளும் உட்பட அவர்கள் ஒரு வாரம் இரு படைகளுக்கும் இடையே புல்வேர்களைத் தின்று கிடந்தனர். பின்னரே ஆங்கிலேயர் வழிவிட்டனர். போர் வரலாறுகள் பலவற்றில் இந்நிகழ்ச்சி ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது.

1761 ஜனவரி 16 அன்று நகரம் ஆங்கிலேயர் வசமானது. டேவிட் கோட்டையை லாலி தகர்த்ததற்குப் பதிலடியாகப் புதுச்சேரியின் கோட்டையும் மாளிகைகளும் இடிக்கப்பட்டன. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அதே மாதத்தில்தான்.

விசாரணை

போர்க்கைதியாக இங்கிலாந்து கொண்டு செல்லப்பட்ட லாலி, தம்மீதான துரோகக் குற்றச்சாட்டுகளை எதிர்கொள்ளத் தாமே பிரான்சு திரும்ப அனுமதி கேட்டார். பாஸ்டீல் சிறையில் அடைக்கப்பட்டு, 1766 மே 9 அன்று வாயில் துணி அடைக்கப்பட்ட நிலையில் கொல்லப்பட்டார். வால்ட்டேரும் லாலியின் மகனும் தொடர்ந்து போராடியதன் விளைவாக 1778 இல் அத்தீர்ப்பு இரத்து செய்யப்பட்டது.

கடுஞ்சொல்லும் பிடிவாதமும் கொண்டவர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் துரோகி என்பதற்குச் சான்றில்லை. ஆங்கிலேயருக்குப் பிளாசிக்குப் பின் வங்காளத்தின் செல்வம் இருந்தது. லாலிக்கோ, 1759 இல் மொரிசியசுக்குச் சென்று பின்னர் திரும்பி வராத கப்பற்படையே இருந்தது.