உறுமும் பெட்டிக்கு மருத்துவம்

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963-ஆம் ஆண்டில் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், குழல் ஆர்கனுக்குரிய சிறப்பை நிலைநாட்டியதோடு, வழிபாட்டுக்குத் தகுந்த பிற இசைக்கருவிகளுக்கும் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு வாயிலைத் திறந்து வைத்தது. அதன் பயனாகப் பல பங்குக் கோவில்களின் பாடகர் குழுக்களில் கிடார் இடம் பெற்றது. கிடார் வந்த இடத்திற்கு ஆம்பிளிபையரும் வந்து சேர்ந்தது. விலை கொடுத்து வாங்க இயலாதவரும், தம் கையால் ஒன்றைச் செய்து பார்க்கும் ஆவலுடையவருமான இளைஞர் சிலர், வால்வுகளைக் கொண்டு அதனை வீட்டிலேயே அமைத்துக்கொள்கின்றனர்.

இத்தகைய முயற்சிக்கு நம் மேற்குப் புறநகர் ஏற்ற மண் ஆகும். 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. 1965-இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. தந்தையர் தொழிற்கூடத்தில் உழைத்த வீடுகளில் மக்களும் கருவிகளோடு பழகி வளர்வது இயல்பே. வேண்டிய உதிரிப்பாகங்களுக்கு ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சித் தெரு தொலைவில் இல்லை. ஆனால் வால்வு மட்டும் அருமையான பொருளாகிவிட்டது. 1954-இல் நிறுவப்பெற்ற பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வானொலிகளுக்கான வால்வுகளைச் செய்தது. அத்தயாரிப்பு நின்று நெடுநாளாயிற்று. இன்று புதியன ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனம் முதலிய நாடுகளினின்றே வருகின்றன. ஆகவே பழுதைத் தேடத் தெரியாமல் ஒரு வால்வை எரித்துவிட்டால் நட்டம் பெரிது. அதனினும் பெரிய நட்டம் ஒன்று உண்டு. அதனை முதலில் கூறுவோம்.

1972 மே 3-ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் லெஸ்லி ஹார்வி என்னும் 27 வயதுக் கிடார் கலைஞர், முறையாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி மேடையிலேயே விழுந்து இறந்தார். 1976 மே மாதத்தில் கீத் ரெல்ப் என்னும் ஆங்கிலப் பாடகர், தம் இல்லத்தில் மின்கிடார் வாசிக்கையில் அவ்வாறே உயிரிழந்தார். இதன் காரணம் எளிது. கிடாரின் கம்பிகள், இணைப்பு வயரின் வழியாக ஆம்பிளிபையரின் இரும்புச் சட்டத்தோடு இணைந்துள்ளன. உள்ளே 230 வோல்ட் மின்கம்பி சட்டத்தில் பட்டுவிட்டால், எர்த் கம்பி அம்மின்சாரத்தை நிலத்திற்குக் கொண்டுசெல்ல, பியூஸ் எரிந்து ஆபத்து நீங்கும். எர்த் இல்லையேல் சட்டமும் கிடார்க் கம்பியும் மின்னேறி நிற்கும். ஒரு கை கிடாரிலும் மறு கை மைக்கிலும் பட்டால், மின்சாரம் நெஞ்சின் வழியே பாயும்.

பெட்டி உறுமுகிறது என்பதற்காகச் சிலர் பிளக்கிலுள்ள எர்த் கம்பியைக் கழற்றிவிடுகின்றனர். உறுமல் குறையலாம், காவல் போய்விடும். பழைய வீடுகளில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருப்பதும், கோடையில் எர்த் குழி வறண்டுவிடுவதும் உண்டு. மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சோதித்து, 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுக் காப்பானையும் பொருத்திக்கொள்வது குடும்பத்திற்கே நலம்.

இனிப் பழுது பார்க்கும் முறையைக் காண்போம். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் பெட்டி சாகவில்லை என்பதை மறவாதீர். உள்ளிருக்கும் பெரிய கண்டென்சர்கள் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். 10,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, காப்பிட்ட பிடிகளோடு கண்டென்சருக்கும் சட்டத்திற்கும் இடையே சில விநாடிகள் வைத்து அதனை வடித்துவிட்டு, மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். மின்சாரம் ஓடுகையில் அளக்க நேர்ந்தால், ஒரு கையைப் பையில் வைத்துக்கொள்வது பழைய ரேடியோக்காரர்களின் நல்வழக்கம். ஸ்பீக்கரை இணைக்காமல் பெட்டியை ஒருபோதும் ஓட்டலாகாது. வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் கெட்டுவிடும்.

பியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால் தடித்த கம்பி போடுவது பேதைமை. 60 வாட் குண்டுபல்பு ஒன்றை வரிசையில் இணைத்து, வால்வுகளைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நலம். முழு ஒளியோடு நின்றெரிந்தால் டிரான்ஸ்பார்மரிலோ அதனை அடுத்த பகுதியிலோ ஷார்ட் உள்ளது.

உறுமலைக் காதால் பகுத்தறியலாம். 50 சுழற்சியுள்ள தாழ்ந்த உறுமல், வால்வுகளைச் சூடேற்றும் 6.3 வோல்ட் கம்பிகளையோ எர்த் இணைப்பையோ காட்டும். அக்கம்பிகளை முறுக்கி, மற்றக் கம்பிகளினின்று விலக்கி வைக்க வேண்டும். 100 சுழற்சியுள்ள சற்றுக் கரகரத்த உறுமல், வடிகட்டும் கண்டென்சர் தளர்ந்துவிட்டதைக் காட்டும். முதல் வால்வைக் கழற்றியதும் உறுமல் நின்றால், குற்றம் அவ்வால்விலோ அதற்கு முன்னோ உள்ளது. நில்லாவிடில் பின்னே தேடுக.

வெளியீட்டு வால்வின் பிளேட் சிவந்து எரியுமானால் உடனே நிறுத்துங்கள். ஈ.எல். 84 என்னும் வால்வின் பிளேட் தாங்குவது 12 வாட் மட்டுமே. வால்வைக் கழற்றிய நிலையில் அதன் கிரிட் முனையை அளந்து பாருங்கள். சுழியாக இருக்கவேண்டிய அங்கே நேர் வோல்ட் காணப்பட்டால், முன் வால்வையும் இதனையும் இணைக்கும் சிறு கண்டென்சர் கசிகிறது. சில ரூபாய் பெறும் அப்பொருள் விலையுயர்ந்த வால்வைக் கொன்றுவிடும். புதிதாகக் கட்டிய பெட்டி முதல் நாளே வீறிட்டுக் கத்தினால், பின்னூட்டக் கம்பி மாறி இணைந்திருக்கலாம். வெளியீட்டு டிரான்ஸ்பார்மரின் பிளேட் கம்பிகளை இடம் மாற்றினால் அடங்கும். கொறகொறப்பு விட்டுவிட்டு வந்தால், உலர்ந்த மரக்குச்சியால் ஒவ்வொரு பற்றவைப்பையும் மெல்லத் தட்டிப் பார்க்க, ஈயம் சரியாகப் பிடிக்காத இடம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, அதனைக் குறிப்பேட்டில் எழுதுக. பத்துப் பொருள்களை ஒருங்கே மாற்றுபவன் பழுதை நீக்கினாலும் காரணத்தை அறியமாட்டான்.

பெற்றோரே, உங்கள் மகன் இப்பணியில் இறங்கினால் அச்சத்தால் தடுத்துவிடாதீர். கவனியாது விட்டும் விடாதீர். வீட்டில் எவரும் இல்லாதபோதும், இரவில் கண் சோர்ந்தபோதும் திறந்த பெட்டியில் மின்சாரம் பாய்ச்சலாகாது என்று விதி வகுத்து, அவனருகே அமருங்கள். காரணத்தைப் பொறுமையோடு தேடும் பழக்கமும், தன் பெட்டியைத் தொடும் பிறருடைய உயிருக்கும் தானே பொறுப்பு என்னும் உணர்வும் அவனுக்கு வாய்க்குமாயின், அவன் கற்றது மின்கலை மட்டுமன்று. கோவிலில் அக்கிடாரைத் தொடப்போகும் அடுத்த சிறுவன் பிறர் வீட்டுப் பிள்ளை. அவனும் நலமாய் வீடு திரும்ப வேண்டும்.